குவாண்டம் இயற்பியல்: அறிவியல் படிக்காதவர் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது?

#1 கணக்கர் (குடியாத்தம்)

படிப்பு பி.காம். குவாண்டம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள், காணொளிகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: பெட்டிக்குள் பூனை, ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் எலக்ட்ரான், நாம் பார்த்தால் மாறிவிடும் உலகம். வியப்பு வருகிறது, பிடி கிடைக்கவில்லை. எது அளந்து கண்டது, எது ஆளாளுக்குச் சொல்லும் விளக்கம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

மூன்று விஷயம் கேட்கிறேன். கால்குலேட்டர் வைத்துப் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு கணக்காவது இதில் உண்டா? வீட்டிலோ நம் பக்கத்திலோ கண்ணால் பார்க்க ஏதாவது இருக்கிறதா? கணிதம் எதுவரை வேண்டும்? பத்தாம் வகுப்புக் கணக்கு நன்றாக வரும்.

#2 நிறமாலை (வேலூர்)

பூனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் சார். அது 1935-ல் ஷ்ரோடிங்கர் ஒரு வாதத்துக்காகச் சொன்ன உதாரணம். யாரும் செய்து பார்த்த சோதனை அல்ல. இந்தத் துறை பிறந்தது விளக்கு வெளிச்சத்திலிருந்து. நீங்களும் அங்கிருந்தே வாருங்கள்.

முதல் கணக்கு இது. ஹைட்ரஜன் வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் அது ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வானவில் வராது. இருட்டில் தனித்தனிக் கோடுகளாக வரும். கண்ணுக்கு எட்டுகிற முக்கியமான நான்கு கோடுகளின் அலைநீளம் 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர்.

1885-ல் பால்மர் என்ற சுவிட்சர்லாந்துப் பள்ளி ஆசிரியர் இந்த நான்கையும் ஒரே வாய்பாட்டில் அடக்கினார். 3, 4, 5, 6 என்று ஒரு முழு எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்தை, வர்க்கத்தில் 4 குறைத்த எண்ணால் வகுங்கள். வந்ததை 364.6 ஆல் பெருக்குங்கள். 3 எடுத்தால் 9 / 5 × 364.6 = 656.3. 4 எடுத்தால் 16 / 12 × 364.6 = 486.1. மீதி இரண்டையும் நீங்களே போடுங்கள், அப்போதுதான் இது மனதில் நிற்கும்.

ஏன் முழு எண் மட்டும் வேலை செய்கிறது என்று பால்மருக்குத் தெரியாது. 1913-ல் போர் பதில் சொன்னார்: ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் ஆற்றல் ஏதோ ஒரு மதிப்பாக இருக்க முடியாது. 13.6-ஐ 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களால் வகுத்து வரும் எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) மதிப்புகள் மட்டுமே அதற்கு உண்டு, கழித்தல் குறியோடு. இந்த ஒவ்வொரு மதிப்பையும் ஒரு மட்டம் என்பார்கள். இரண்டாவது மட்டம் −3.40, மூன்றாவது −1.51. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் மிச்சம் 1.89 எலக்ட்ரான்வோல்ட், அது ஒளியாக வெளியே வருகிறது. 1240-ஐ ஆற்றலால் வகுத்தால் நானோமீட்டரில் அலைநீளம்: 1240 / 1.89 = 656. சிவப்புக் கோடு அதுதான்.

இந்த 1240 நினைவில் இருக்கட்டும். பிளாங்க் மாறிலியும் (ஒளியின் அதிர்வெண்ணை ஆற்றலோடு இணைக்கும் எண்) ஒளியின் வேகமும் அதற்குள் இருக்கின்றன. இந்த இழை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

#3 மின்னிணைப்பு (காட்பாடி)

கோடுகளை வீட்டிலேயே பார்க்கலாம் அண்ணா. ஒரு ஷூ பெட்டி (ஆம்பூர் பக்கம் கேட்கவே வேண்டாம்), எழுதக்கூடிய பழைய சிடி ஒன்று, சவர பிளேடு இரண்டு, கருப்பு டேப். இவ்வளவுதான்.

சிடியின் எழுத்துள்ள பக்கத்தில் பிளேடால் குறுக்கே கீறி, பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள். வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிடும். மிஞ்சும் தெளிவான பிளாஸ்டிக்கில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வரிப்பள்ளங்கள் இருக்கும். வெளி விளிம்புப் பக்கமாக 3 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். உள்பக்கம் பள்ளங்களின் வளைவு அதிகம், கோடுகளும் வளைந்து தெரியும்.

பெட்டி நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் 18 என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில், பக்கச் சுவரிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு துளை வெட்டி, இரண்டு பிளேடுகளின் விளிம்பையும் எதிரெதிராக ஒட்டுங்கள். நடுவே 0.2 மில்லிமீட்டர் பிளவு, அதாவது இரண்டு தாள் கனம். எதிர் முனையில் பிளவுக்கு நேராக 1.5 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, அதன்மேல் சிடித் துண்டை ஒட்டுங்கள். பள்ளங்களும் பிளவும் ஒரே திசையில் இருக்கவேண்டும். பெட்டியின் மூலை இடுக்கையெல்லாம் கருப்பு டேப்பால் மூடிவிடுங்கள்.

ஓட்டையில் கண்ணை வைத்து, பிளவை விளக்குப் பக்கம் காட்டினால், பிளவுக்குப் பக்கத்தில் பெட்டிச் சுவரின் மேல் வண்ணங்கள் விழுந்தது போலத் தெரியும். சுவரில் ஒரு ஸ்கேல் ஒட்டியிருந்தால் அளக்கவே செய்யலாம். பழைய சிஎஃப்எல் விளக்கைப் பாருங்கள்: நீலக் கோடு (436) பிளவிலிருந்து 8.5 சென்டிமீட்டரில், பச்சை (546) 10.9-ல், ஆரஞ்சுச் சிவப்பு (611) 12.4-ல் வரவேண்டும். நீலமும் பச்சையும் பாதரச அணு தருவது. சிவப்பு, குழாயின் உள்ளே பூசிய தூளில் இருக்கும் யூரோப்பியம் தருவது.

கோடு தடித்து மங்கலாக வந்தால் பிளவு அகலம். வண்ணமே தெரியாமல் சாய்ந்து போனால் சிடித் துண்டு திரும்பியிருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே அளவு தள்ளி விழுந்தால் ஓட்டை பிளவுக்கு நேராக இல்லை.

சூரியனை மட்டும் இதில் பார்க்கவே கூடாது. பகலில் வெள்ளைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் போதும்.

#4 கணக்கர் (குடியாத்தம்)

நன்றி தம்பி. பெட்டி செய்து பார்த்ததில் சிஎஃப்எல் நீங்கள் சொன்னபடியே வந்தது. சுவிட்ச்போர்டில் இருக்கும் சின்ன ஆரஞ்சு இண்டிகேட்டரில் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் நிறையக் கோடுகள். ஆனால் எல்இடி பல்பில் கோடே இல்லை, நீலம் கொஞ்சம் தூக்கலாக, அதற்குப் பிறகு ஒரு மங்கல், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை ஒரே பட்டை. அணுவுக்குக் கோடு என்றால் எல்இடியில் இருப்பது அணு இல்லையா?

#5 நிறமாலை (வேலூர்)

நல்ல கேள்வி. இண்டிகேட்டரில் நியான் வாயு இருக்கிறது. வாயுவில் அணுக்கள் தனித்தனியே திரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் அதன் மட்டங்கள் மாறாமல் இருக்கின்றன. எல்இடி ஒரு திடப்பொருள். கோடிக்கணக்கான அணுக்கள் நெருங்கி உட்கார்ந்தால் ஒவ்வொரு மட்டமும் மிக நெருக்கமான பல மட்டங்களாகப் பிளந்து பட்டையாகிவிடும். இரண்டு பட்டைக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் எல்இடியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. வெள்ளை எல்இடி என்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீல எல்இடிதான், மேலே மஞ்சளாக ஒளிரும் பொருள் பூசியிருப்பார்கள். நீங்கள் கண்ட மங்கல் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம்.

மட்டங்கள் ஏன் தனித்தனியாக வருகின்றன என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 1924-ல் டி பிராய், எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு என்றார்: பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்தால் அது கிடைக்கும். இரண்டு பக்கமும் கட்டிய வீணைத் தந்தியில் முழு எண்ணிக்கையில் அடங்கும் அதிர்வுகள் மட்டுமே நிலைக்கின்றன. அணுவுக்குள் கட்டுண்ட எலக்ட்ரான் அலைக்கும் அதே கட்டுப்பாடு. பால்மரின் 3, 4, 5 அங்கிருந்து வருகிறது. 1926-ல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு இதை முறையாகச் சொல்கிறது.

இது நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 10⁻³⁴ மீட்டர். எந்தக் கருவிக்கும் எட்டாது. 100 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானுக்கோ 0.12 நானோமீட்டர், அணுக்களின் இடைவெளி அளவு. 1927-ல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரானைத் தெறிக்கவிட்டு அந்த அலையை அளந்தே காட்டினார்கள்.

#6 ஜவ்வாது (ஆலங்காயம்)

நம் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். பழைய வட ஆற்காட்டு எல்லைக்குள், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது (இப்போது திருப்பத்தூர் மாவட்டம்). வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். அது திரட்டும் விண்மீன் ஒளி நிறமாலைமானிக்குள் போகிறது. நீங்கள் ஷூ பெட்டியில் செய்ததைப் பல மடங்கு நுணுக்கமாகச் செய்யும் கருவி அது.

விண்மீனில் கோடுகள் இருட்டாக வரும். உள்ளே இருந்து கிளம்பும் தொடர்ச்சியான ஒளியில், வெளிப்பரப்பு வாயு தன் மட்டங்களுக்குப் பொருந்தும் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 656.3-ல் இருட்டு விழுந்தால் அங்கே ஹைட்ரஜன். 589.0, 589.6 என்று இரட்டைக் கோடு விழுந்தால் சோடியம். கோடு முழுவதும் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் விண்மீன் நம்மைவிட்டு விலகுகிறது. அங்கே போய்த் தொட்டுப் பார்க்காமலே பொருள், வெப்பம், வேகம் மூன்றும் கையில் கிடைப்பது இந்த மட்டங்களின் தயவில்தான். காவலூர் போகிறவர்கள் பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். மழை மாதங்களில் வானம் மூடிக்கிடக்கும்.

சோடியத்தைச் சமையலறையிலேயே பார்க்கலாம். உப்புக் கரைசலில் நனைத்த கம்பியைக் கேஸ் தீயில் காட்டினால் வரும் மஞ்சள் அதே 589.

#7 பாலாறு (ராணிப்பேட்டை)

விண்மீன் வரை போகவே வேண்டாம். நம் ஊர் நிலத்தடி நீரில் குரோமியம் எவ்வளவு என்று தோல் தொழில் பகுதிகளில் வருஷக்கணக்காகப் பேசுகிறோமே, அதை அளப்பதும் இந்த மட்டங்களை வைத்துத்தான்.

அணு உட்கவர்தல் நிறமாலைமானி என்ற கருவியில் ஒரு குழல் விளக்கு இருக்கும், அதன் எதிர்முனை குரோமியத்தால் ஆனது. அது வீசும் ஒளியில் 357.9 நானோமீட்டர் கோட்டைத் தேர்ந்தெடுத்து, தீயின் குறுக்கே அனுப்புவார்கள். நீர் மாதிரியை நுண்துளியாக்கி அந்தத் தீயில் தெளித்தால் அதிலுள்ள குரோமியம் தனி அணுக்களாகப் பிரியும். அந்த அணுக்கள் 357.9-ஐ விழுங்கும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு குரோமியம் என்று கணக்கு. இரும்போ நிக்கலோ அதே நீரில் இருந்தாலும் அவற்றின் மட்ட இடைவெளி வேறு என்பதால் அந்த ஒளியைப் பெரும்பாலும் தொடாது.

இதில் தவறு வரும் இடத்தையும் சொல்லவேண்டும். தீயில் எல்லாக் குரோமியமும் ஒன்றுதான். நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியமா, மூன்று இணைதிறன் குரோமியமா என்று இந்தக் கருவி பிரிக்காது, மொத்தத்தைத்தான் தரும். ஆறு இணைதிறனைத் தனியே அறிய டைபீனைல்கார்பசைடு சேர்த்து, வரும் ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கவேண்டும். பரிசோதனை அறிக்கை கையில் வந்தால் ‘மொத்தக் குரோமியம்’ என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

#8 மின்னிணைப்பு (காட்பாடி)

இப்போது ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்பதற்கு ஒரு சோதனை. இருட்டில் பச்சையாக ஒளிரும் ஸ்டிக்கர் ஃபேன்சி கடையில் கிடைக்கும். அதை ஒரு நாள் முழுக்க டப்பாவுக்குள் இருட்டில் வைத்து ஒளி வடியவிடுங்கள். பிறகு இருட்டறையில் சிவப்பு எல்இடியை ஒட்டிவைத்து ஐந்து நிமிடம் காட்டுங்கள். ஒளிராது. இன்னும் நாலு சிவப்பு எல்இடி சேருங்கள், அப்போதும் ஒளிராது. ரூபாய் நோட்டுப் பார்க்கும் யூவி டார்ச்சை ஒரே ஒரு நொடி காட்டுங்கள், பச்சையாக எரியும்.

1240 / 630 = 1.97. சிவப்பின் ஒரு பொட்டலத்தில் அவ்வளவு எலக்ட்ரான்வோல்ட்தான். யூவி டார்ச் 395 நானோமீட்டர் என்றால் 3.14. ஸ்டிக்கருக்குள் எலக்ட்ரானைத் தூக்கிவிட ஒரே பொட்டலத்தில் போதிய ஆற்றல் இருக்கவேண்டும், பத்து சின்னப் பொட்டலம் சேர்ந்து அந்த வேலையைச் செய்யாது. 1905-ல் ஐன்ஸ்டைன் ஒளிமின் விளைவுக்குச் சொன்ன காரணம் இதே தர்க்கம்.

வெள்ளை டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிச் செய்யாதீர்கள். அந்தத் தாள் வழியாக நீலம் கொஞ்சம் கசியும், முடிவு கெட்டுப்போகும்.

அடுத்தது பிளாங்க் மாறிலியையே அளப்பது. சிவப்பு (630), பச்சை (525), நீலம் (470) எல்இடி ஒவ்வொன்று. 9 வோல்ட் பேட்டரியின் இரு முனையிலும் 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரின் ஓரக்கால்கள். நடுக்காலிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் பின் 200 மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் ஒரு மல்டிமீட்டர், அதன் பின் எல்இடி, திரும்பப் பேட்டரியின் எதிர்முனை. இன்னொரு மல்டிமீட்டர் எல்இடியின் இரு காலிலும் வோல்ட் பார்க்க. இணைக்கும் முன் குமிழை எதிர்முனைப் பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் மைக்ரோஆம்பியர் ரேஞ்சைத் தாண்டி மின்னோட்டம் பாயும். மெதுவாகத் திருப்பி மூன்றிலும் 100 மைக்ரோஆம்பியர் ஓடும்போது வோல்ட்டைக் குறியுங்கள்.

சிவப்புக்கும் நீலத்துக்கும் அதிர்வெண் வித்தியாசம் 1.62 × 10¹⁴. கோட்பாட்டின்படி வோல்ட் வித்தியாசம் 0.67 வரவேண்டும். வோல்ட் வித்தியாசத்தை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் (1.602 × 10⁻¹⁹) பெருக்கி அதிர்வெண் வித்தியாசத்தால் வகுத்தால் பிளாங்க் மாறிலி. சரியான மதிப்பு 6.626 × 10⁻³⁴. 10 முதல் 20 சதவீதம் தள்ளி வருவது வழக்கம், ஏனென்றால் எல்இடி ஒளிரத் தொடங்கும் வோல்ட்டும் பட்டை இடைவெளியும் துல்லியமாக ஒன்றல்ல, மூன்றும் ஒரே பொருளாலும் செய்தவை அல்ல. ‘கண்ணுக்கு ஒளிர்வது தெரியும் நேரம்’ என்று வோல்ட்டைக் குறிக்கச் சொல்வார்கள், அது வேண்டாம். கண்ணுக்குப் பச்சை சீக்கிரம் தெரியும், ஆழ்ந்த சிவப்பும் நீலமும் தாமதமாகும். வெள்ளை எல்இடி, தானாக நிறம் மாறும் எல்இடி இரண்டும் இதற்கு ஆகாது. எல்இடி சூடானால் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும், அதனால் நம் ஊர் மே மாதத்தில் சிவப்பைக் காலையிலும் நீலத்தை மதியத்திலும் எடுக்காதீர்கள். மூன்றையும் ஒரே அமர்வில் முடியுங்கள்.

#9 சத்துவாச்சாரி

லேசரும் தலைமுடியும் வைத்துச் செய்வதை யாரும் சொல்லவில்லையே? குவாண்டத்துக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், முடி 70 மைக்ரோமீட்டர் தடிமன், சுவர் 2 மீட்டர் தள்ளி. இருட்டுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று 18.6 மில்லிமீட்டரில் விழும்.

#10 நிறமாலை (வேலூர்)

அளவுகள் சரி. அந்தச் சோதனை காட்டுவது ஒளி ஓர் அலை என்பதை மட்டும்தான். அது 1800களின் தொடக்கத்திலேயே தெரிந்தது. முடியை வைத்துவிட்டு ‘இதுதான் குவாண்டம்’ என்று சொல்வதால்தான் படிப்பவர் குழம்புகிறார். குவாண்டம் அடுத்த படியில் இருக்கிறது: ஒளியை ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஃபோட்டான் (ஒளிப் பொட்டலம்) போகும் அளவுக்குக் குறைத்தாலும், திரையில் ஒவ்வொன்றும் ஒரே புள்ளியாகத்தான் விழும், ஆனால் ஆயிரக்கணக்கில் விழுந்தபின் அதே வரிகள் உருவாகும். 1989-ல் ஜப்பானில் தொனோமுராவின் குழு எலக்ட்ரானை ஒவ்வொன்றாக அனுப்பி இதைப் படம் பிடித்தது. முதல் சில நூறு புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பல்லாயிரம் ஆனபிறகு வரிகள் தெளிவாக நிற்கும்.

இதற்கு ஒரு கணக்கு முறை இருக்கிறது. ஒரு நிகழ்வு இரண்டு வழியில் நடக்கலாம் என்றால், வழக்கமான நிகழ்தகவில் இரண்டின் வாய்ப்பையும் கூட்டுவோம். குவாண்டத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஓர் அம்பு. முதலில் அம்புகளைக் கூட்டவேண்டும், பிறகு கிடைத்த அம்பின் நீளத்தை வர்க்கப்படுத்தவேண்டும். அதுதான் வாய்ப்பு. 1926-ல் மாக்ஸ் பார்ன் சொன்ன விதி இது.

ஒவ்வோர் அம்பும் 1 அலகு என்று வையுங்கள். இரண்டும் ஒரே திசை என்றால் நீளம் 2, வாய்ப்பு 4 பங்கு: வெளிச்ச வரி. எதிரெதிர் திசை என்றால் நீளம் 0, வாய்ப்பு 0: இருட்டு வரி. எந்த வழியாகப் போனது என்ற தடயம் எங்காவது பதிந்துவிட்டால் அம்புகளைக் கூட்டக்கூடாது. தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டவேண்டும், 1 + 1 = 2, எல்லா இடத்திலும் ஒரே அளவு, வரிகள் மறைந்துவிடும்.

‘ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்’ என்ற சொற்றொடர் இந்தக் கணக்கைச் சொல்ல ஒருவர் தேர்ந்தெடுத்த விளக்கம். கணக்கு அளந்து பார்க்கப்பட்டது. விளக்கத்தில் அறிஞர்களுக்குள்ளேயே இன்றுவரை உடன்பாடு இல்லை. எது அளந்து கண்டது, எது விளக்கம் என்று பிரிக்கத் தெரியவில்லை என்றீர்களே, அதற்கு விடையாக இந்தப் பிரிவை வைத்துக்கொள்ளுங்கள் சார்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: தெருவோரம் விற்கும் லேசர் பலவற்றில் எழுதியிருப்பதைவிட ஆற்றல் அதிகம். பச்சை லேசர்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் கக்கலாம். நேராகவோ கண்ணாடியில் பட்டுத் தெறித்தோ கண்ணில் விழக்கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

#11 கணக்கர் (குடியாத்தம்)

அம்புக் கணக்கு புரிந்தது ஐயா. தடயம் பதிந்தால் வரி மறையும் என்கிறீர்கள். அப்படியென்றால் மனிதர் பார்ப்பதால் மாறுகிறது என்று சொல்வது சரியா? எங்கள் தெருவில் ‘எண்ணமே பொருளை மாற்றும், குவாண்டமே சொல்கிறது’ என்று வகுப்பு எடுக்கிறார்கள்.

#12 ஜவ்வாது (ஆலங்காயம்)

இல்லை. மனமோ கண்ணோ அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. 2004-ல் வியன்னாவில் 70 கார்பன் அணு கொண்ட மூலக்கூறுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். லேசரால் சூடாக்காதபோது வரிகள் நன்றாக வந்தன. லேசரால் மூலக்கூறுகளை மேலும் மேலும் சூடாக்கினார்கள். சூடான மூலக்கூறு போகும் வழியில் ஒளியைக் கக்குகிறது, அந்த ஒளி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற தடயத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொண்டுபோகிறது. சூடு ஏற ஏற வரிகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. தடயம் வெளியேறியதே போதுமானதாக இருந்தது.

பெரிய பொருள்கள் ஏன் குவாண்டம் போல நடப்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம். ஒரு தூசி மேல்கூடக் காற்றும் ஒளியும் இடைவிடாமல் மோதித் தடயத்தைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கின்றன.

குவாண்டம் உண்மையில் மருத்துவத்துக்கு வரும் இடம் வேறு. வேலூருக்கு ஸ்கேன் எடுக்க வருகிறார்களே, அந்த எம்ஆர்ஐ. உடலில் உள்ள நீரின் புரோட்டான்களுக்கு, காந்தப்புலத்தில் வைத்தால், சுழற்சியில் இரண்டே நிலைகள். 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி 63.9 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைக்குச் சமம். உடல் வெப்பத்தில் கீழ்நிலைக்கும் மேல்நிலைக்கும் உள்ள எண்ணிக்கை வித்தியாசம் 10 லட்சத்துக்கு 5 மட்டுமே. அந்த 5 கொடுக்கும் சமிக்ஞையில்தான் படம் உருவாகிறது. நோயாளி என்ன நினைத்தாலும் அந்த எண் மாறாது.

#13 சத்துவாச்சாரி

பின்னல் (entanglement) பற்றியும் சொல்லிவிடுங்கள். ஜோடியாகப் பிறந்த இரண்டு துகள்களில் ஒன்றைத் தொட்டால் கோடி மைல் தள்ளி இருக்கும் மற்றது உடனே அறியும் என்கிறார்களே.

#14 நிறமாலை (வேலூர்)

இதற்கு ஒரு தாளும் பேனாவும் எடுங்கள், இந்த ஒன்றை அவசரமில்லாமல் பார்க்கவேண்டும்.

ஒரு மூலத்திலிருந்து ஃபோட்டான்கள் ஜோடியாகக் கிளம்புகின்றன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இரு பக்கமும் போலராய்டு தகடு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), அதை 0, 60, 120 பாகை மூன்றில் ஒன்றில் வைக்கலாம். ஃபோட்டான் தகட்டைக் கடக்கும் அல்லது கடக்காது. சோதனையில் காண்பது: இரு பக்கமும் ஒரே கோணம் என்றால் விடை எப்போதும் ஒன்றே. இரண்டும் கடக்கும், அல்லது இரண்டும் தடைபடும்.

சாதாரணமாக நினைத்தால் என்ன தோன்றும்? கிளம்பும்போதே இரண்டிடமும் ஒரே மாதிரிச் சீட்டு இருக்கிறது: ‘0 என்றால் ஆம், 60 என்றால் ஆம், 120 என்றால் இல்லை’ என்பது போல. மூன்று கட்டத்தில் ஆம்/இல்லை, மொத்தம் 8 விதச் சீட்டு. எட்டையும் எழுதுங்கள். இப்போது இரு பக்கமும் வெவ்வேறு கோணம் வைத்தால் விடை ஒத்துப்போகும் பங்கு என்ன? ‘ஆம் ஆம் ஆம்’ சீட்டில் மூன்று ஜோடிக் கோணமும் ஒத்துப்போகும். ‘ஆம் ஆம் இல்லை’ சீட்டில் மூன்றில் ஒரு ஜோடி ஒத்துப்போகும். மூன்று கட்டத்தில் இரண்டே சொற்கள் என்பதால் ஏதாவது இரண்டு கட்டம் ஒன்றாக இருந்தே தீரும். ஆக, எந்தச் சீட்டை எந்த விகிதத்தில் கலந்தாலும் ஒத்துப்போவது 1/3-க்குக் கீழே போகாது.

குவாண்டம் கணக்கு சொல்வது: கோண வித்தியாசத்தின் கொசைனின் வர்க்கம். 60 பாகைக்குக் கொசைன் 1/2, வர்க்கம் 1/4. 120-க்கும் 1/4. மூன்றில் ஒன்றைவிடக் குறைவு.

1964-ல் ஜான் பெல் இந்த வகை வரம்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். உண்மைச் சோதனைகளில் ஒரே கோணத்தில்கூட விடைகள் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது என்பதால் அதே கருத்தின் வேறொரு வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள்: அதில் சீட்டு முறையின் உச்சவரம்பு 2, குவாண்டத்தின் வரம்பு 2.83. 1972-ல் கிளவுசரும் ஃப்ரீட்மனும், 1982-ல் ஆஸ்பேயின் குழுவும், 2015-ல் ஓட்டைகளை அடைத்துப் பல குழுக்களும் அளந்தார்கள். குவாண்டம் பக்கமே விடை வந்தது. ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல்.

‘சீட்டு முன்பே எழுதியிருந்தது’, ‘இங்கே தேர்ந்த கோணம் அங்கே உள்ள விடையைத் தொடாது’ இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க முடியாது என்பதுதான் நிரூபணமானது. எதை விடுவது என்பது விளக்கத்தின் பாடு.

செய்தி அனுப்ப முடியுமா என்றால் முடியாது. இடப்பக்கம் எந்தக் கோணம் வைத்தாலும் வலப்பக்கத்தில் பாதி கடக்கும், பாதி தடைபடும். வலப்பக்கம் இருப்பவர் தன் பட்டியலை மட்டும் பார்த்து எதையும் அறிய வழியில்லை. இரண்டு பட்டியலையும் சாதாரணத் தொலைபேசியிலோ கடிதத்திலோ ஒப்பிட்ட பிறகுதான் அந்த 1/4 வெளிப்படும்.

#15 கணக்கர் (குடியாத்தம்)

எட்டுச் சீட்டும் எழுதிப் பார்த்தேன். 1/3-க்குக் கீழே கொண்டுவரவே முடியவில்லை. இத்தனை நாள் படித்ததில் கிடைக்காத பிடி இதில் கிடைத்தது. கணிதம் எதுவரை என்பது மட்டும் பாக்கி. அந்தக் கொசைன் வர்க்கத்தை வீட்டில் பார்க்க முடியுமா என்பதும்.

#16 நிறமாலை (வேலூர்)

கணிதத்துக்கு வரிசை: பதினொன்றாம் வகுப்பு வெக்டர், முக்கோணவியல், பிறகு பன்னிரண்டாம் வகுப்புக் கலப்பெண்கள், பிறகு 2×2 அணிகள். அம்புக் கணக்கு முழுவதும் கலப்பெண்தான். இதுவரை வந்தால் போலராய்டு, சுழற்சி, பின்னல் மூன்றையும் நீங்களே கணக்குப் போடலாம், வகைநுண்கணிதம் தேவையே இல்லை. ஹைட்ரஜனின் 13.6-ஐ ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்து வருவிக்க வேண்டுமென்றால் மட்டும் வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும், அதைக் கடைசியில் வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழி இயற்பியல் இரண்டாம் தொகுதியில் இருமைப் பண்பு பற்றிய பாடத்தைக் கணக்குகளோடு செய்யுங்கள், கணக்கை விட்டுவிட்டுப் படித்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

#17 மின்னிணைப்பு (காட்பாடி)

போலராய்டு மூன்று துண்டு வேண்டும் அண்ணா. பழைய கால்குலேட்டர் திரை, அல்லது டிவி, மானிட்டர் ரிப்பேர் கடையில் உடைந்த எல்சிடி பேனல். பேனலின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் தகடுதான். மூலையில் பிளேடு விட்டுக் கிளப்பி மெதுவாக இழுங்கள், கீழே கண்ணாடி உடையும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். அசிட்டோன் தொடக்கூடாது, தகடு கெட்டுவிடும். முப்பரிமாணப் படக் கண்ணாடி வேண்டாம், பெரும்பாலும் அதில் வட்டமுனைவாக்கத்துக்கான இன்னொரு படலம் சேர்ந்திருக்கும், திருப்பி வைத்தால் விடை மாறும்.

இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒன்றைத் திருப்புங்கள். 90 பாகையில் இருட்டு. இப்போது மூன்றாவதை இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் செருகுங்கள். தடுப்பு ஒன்று கூடியும் வெளிச்சம் வரும். முதல் தகட்டைத் தாண்டிய ஒளியில் 45-க்குக் கொசைன் வர்க்கம் 1/2, மறுபடி 1/2, ஆக 1/4 பங்கு. தகடே கொஞ்சம் ஒளியை விழுங்குவதால் கையில் வருவது அதைவிடக் குறைவாக இருக்கும். மூன்றாவதை நடுவில் வைக்காமல் மேலேயோ கீழேயோ வைத்தால் இருட்டு அப்படியே இருக்கும்.

பெரிய வெளிச்சத்தில் இதை அலை என்று சொல்லியே விளக்கிவிடலாம். ஒவ்வொரு ஃபோட்டானாக அனுப்பும்போதுதான் அம்புக் கணக்கு தேவைப்படும்: பாதி ஃபோட்டான் என்று ஒன்று கடப்பதில்லை, முழுசாகக் கடக்கும் அல்லது கடக்காது, அதன் வாய்ப்பு அந்தக் கொசைன் வர்க்கம். மொபைலில் ஒளி அளக்கும் செயலி போட்டு 0, 15, 30, 45, 60, 75, 90 பாகையில் இரண்டு தகட்டை வைத்து அளந்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒளிமூலமாக மொபைல் திரையை வைக்காதீர்கள், அதன் ஒளியே ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது (ஒரே திசையில் அதிர்வது). சாதாரண டார்ச்சின் முன் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டினால் போதும்.